கையில் ஒரு சிறு கோல் – ஜூபின் மேத்தா வரலாறு

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கோ சிவகிரிப் பக்கத்துக் கோயில் கொடைக்கோ மேளம் பிடித்தால் நாதஸ்வரம் இருவர், தவில் இருவர், ஒத்து, தாளம் என ஆறேழு பேர் வருவார்கள். இவர்களுக்கு முன்னால் நின்று கைகாட்ட ஒருவரும் தேவையில்லை. பெரிய நாயனக்காரர் ஒரு பார்வை பார்த்தால் தவில்காரருக்குப் புரிந்துவிடும். தாளம் போடுபவர் கணக்கை விடாமல் காப்பார். நம் இசை நூற்றாண்டுகளாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

மேலை நாட்டு இசை வேறு வகை. அங்கே ஒரு சிம்பொனி வாசிக்க எண்பது பேர், சில சமயம் நூறு பேருக்கு மேலும் மேடையில் அமர்வார்கள். (நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழாவில் சினிமாப் பாட்டு பாடும் குழு என்றே பொருள், இங்கே சொல்வது அதுவல்ல.) வயலின்கள் ஒரு பக்கம், செல்லோக்கள் ஒரு பக்கம், நடுவில் குழல்கள், பின்னால் எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகள், கடைசியில் முரசுகள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாள். அதில் அவர் வாசிக்க வேண்டிய பகுதி மட்டுமே எழுதியிருக்கும். அடுத்தவர் என்ன வாசிக்கிறார் என்பது அதில் இராது. எல்லோருடைய பகுதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழுப் புத்தகம் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும். அவர் எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. கையில் ஒரு சிறு கோல் மட்டும் வைத்திருப்பார். அவரே இசைக்குழு நடத்துநர், ஆங்கிலத்தில் கண்டக்டர். பஸ் கண்டக்டருக்கும் இவருக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை என்று சொல்லத் தோன்றும். ஆனால் வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர் இருவருமே.

இந்தக் கோலுக்கும் ஒரு கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் இருந்த லுல்லி என்ற இசையமைப்பாளர் நீண்ட தடியால் தரையில் தட்டித் தாளம் காட்டினார். ஒரு நாள் தடி தவறிக் காலில் இடித்தது. காயம் புரையோடி 1687-இல் இறந்தே போனார். இன்றுள்ள இலேசான சிறு கோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவலாயிற்று. இசைக்குழுக்கள் பெரிதாகப் பெரிதாக, நடத்துநர் என்பதே ஒரு தனித் தொழிலாயிற்று.

அந்தத் தொழிலில் உலகின் முதல் வரிசைக்கு வந்த இந்தியர் ஜூபின் மேத்தா. ஐரோப்பியரும் அமெரிக்கருமே கோலோச்சிய ஒரு துறையில் பம்பாயில் பிறந்த ஒருவர் எப்படி அந்த இடத்தைப் பிடித்தார் என்பதை இனிக் காண்போம்.

தந்தையின் இசைக்குழு

ஜூபின் மேத்தா 1936 ஏப்ரல் 29 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தாயார் தெஹ்மினா. தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். மகனின் வரலாற்றைச் சொல்லும்போது தந்தையை இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது நியாயமன்று. மகன் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே, அதாவது 1935-இல், பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர் அவர். பம்பாயில் அப்போது மேலை இசை அறிந்தவர் மிகச் சிலர். பார்சிகள், கோவாக் கிறிஸ்தவர்கள், ஆங்கிலேயர், ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கியவர்கள் எனக் கிடைத்தவர்களைத் திரட்டியே குழுவை நடத்தினார். வீட்டில் எந்நேரமும் ஒத்திகை. குழந்தை ஜூபின் தாலாட்டுக் கேட்டதைவிட வயலின் கேட்டதே அதிகம் எனலாம்.

1945-இல் மெஹ்லி மேத்தா மேற்கொண்டு வயலின் கற்க நியூயார்க் சென்றார். முப்பத்தேழு வயதில், மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு மறுபடி மாணவராவது எளிதான காரியமா? சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து மீண்டும் குழுவை நடத்தினார். மகன் பதினாறு வயதிலேயே தந்தையின் குழுவுக்கு ஒத்திகை நடத்தும் அளவுக்குத் தேறிவிட்டான்.

ஆனாலும் பிள்ளை டாக்டராக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். இசையால் சோறு போட முடியுமா என்ற கேள்வி திருநெல்வேலிச் சீமையில் மட்டுமல்ல, பம்பாயிலும் உண்டு. புனித சேவியர் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்கான பாடங்களை ஜூபின் எடுத்தார். இரண்டு ஆண்டுகளில் விட்டுவிட்டார். 1954-இல், பதினெட்டு வயதில், வியன்னாவுக்குப் புறப்பட்டார். மகன் போன மறு ஆண்டே தந்தையும் இங்கிலாந்து சென்று மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில் வயலின் வாசிக்கச் சேர்ந்தார். ஆக இருபது ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த ஊரில் தந்தைக்கும் நிலையான வாழ்வு கிடைக்கவில்லை. அன்றைய இந்தியாவில் ஒரு முழுநேர சிம்பொனி இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை என்பதே உண்மை.

வியன்னாவில்

வியன்னா இசைக் கழகத்தில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் நடத்துநர் பயிற்சியில் சேர்ந்தார். கூடவே டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியையும் கற்றார். ஸ்வரோவ்ஸ்கி கண்டிப்பானவர். வீணாகக் கையை வீசுவது அவருக்குப் பிடிக்காது. இசையமைப்பாளர் எழுதியதை முதலில் முழுவதும் ஆராய்ந்து படி, பிறகு கையைத் தூக்கு என்பது அவர் வழி. சங்கீதத்தில் பாடாந்தரம் என்று நாம் சொல்வோமே, அதுபோல வியன்னாவுக்கென்று இருந்த ஒரு பாடாந்தரம் இவர் மூலம் மேத்தாவுக்கு வந்தது.

அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர் கிளாடியோ அப்பாடோ. பின்னாளில் இவரும் உலகப் புகழ் பெற்ற நடத்துநர் ஆனார். பெரிய நடத்துநர்கள் ஒத்திகை நடத்தும்போது வெளியார் உள்ளே போய்ப் பார்க்க அனுமதியில்லை. இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வியன்னாவின் புகழ் பெற்ற சேர்ந்திசைக் குழு ஒன்றில் பாடகர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். பாடகர்கள் நடத்துநரை நேருக்கு நேர் பார்த்துத்தானே நிற்பார்கள்! புருனோ வால்ட்டர், கரயான் போன்ற மேதைகளின் முகத்தையும் கையையும் இப்படி நாட்கணக்கில் பார்த்துக் கற்றார்கள். ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததற்குச் சமமாக இதுவும் பயன்பட்டிருக்க வேண்டும்.

1956-இல் ஹங்கேரியில் புரட்சி எழுந்தது. சோவியத் படைகள் அதை ஒடுக்கின. ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு ஓடி வந்தார்கள். இருபது வயது மாணவரான மேத்தா சக மாணவர்களைத் திரட்டி ஒரு வாரத்தில் ஓர் இசைக்குழு அமைத்து வியன்னாவுக்கு வெளியே அகதிகள் முகாமில் கச்சேரி நடத்தினார். அவர் பின்னாளில் செய்த பல காரியங்களின் விதை இதில் இருக்கிறது.

1958-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த சர்வதேச நடத்துநர் போட்டியில் முதற்பரிசு பெற்றார். பரிசு, அங்குள்ள இசைக்குழுவில் ஓராண்டு உதவி நடத்துநர் வேலை. அந்த ஓராண்டு முடிந்ததும் உடனே கதவுகள் திறந்துவிடவில்லை. கையில் குடும்பம், வேலை நிச்சயமில்லை.

பதிலுக்கு வந்தவர்

மேத்தாவின் உயர்வைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பெரிய வாய்ப்புகள் பலவும் வேறு யாரோ வர முடியாமல் போனதால் வந்தவை. 1960-இல் மாண்ட்ரியல் நகரில் மார்க்கேவிச் வர இயலவில்லை, மேத்தா போனார். 1961-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனர் வர இயலவில்லை, மேத்தா போனார். அதே ஆண்டு இஸ்ரேலில் யூஜின் ஆர்மண்டி வர இயலவில்லை. அங்கேயும் மேத்தா போனார். மூன்று இடங்களிலும் பின்னர் அவரே தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. பதிலுக்கு வருபவருக்கு மூன்று நான்கு ஒத்திகைகள்தான் கிடைக்கும். அவருக்கு முன் அமர்ந்திருப்பவர்கள் அந்த இசையை அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே வாசித்து வருபவர்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ‘இந்தப் பையனுக்குத் தெரியுமா, தெரியாதா’ என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நூறு பக்கப் புத்தகத்தை மனதில் ஏற்றி வைத்திருந்தால்தான் அங்கே நிற்க முடியும். மேத்தா பல படைப்புகளைப் புத்தகம் பார்க்காமலே நடத்தினார்.

லாஸ் ஏஞ்சலஸ் நியமனத்தில் ஒரு சச்சரவும் உண்டு. அங்கே இசை இயக்குநராகப் பொறுப்பேற்க இருந்தவர் ஜியார்ஜ் சோல்டி என்ற பெரிய நடத்துநர். தம்மைக் கேட்காமலே மேத்தாவை உதவி நடத்துநராக அமர்த்திவிட்டார்கள் என்று கோபித்துச் சோல்டி விலகினார். உதவியாளராக வந்தவரே 1962-இல் தலைவரானார். அப்போது மேத்தாவுக்கு வயது இருபத்தாறு. 1961 முதல் 1967 வரை மாண்ட்ரியல், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலஸ் என இரண்டு நகரங்களின் குழுக்களைச் சில ஆண்டுகள் ஒருசேர நடத்தினார். 1964 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் புதிய இசையரங்கு திறக்கப்பட்டபோது அந்த முதல் கச்சேரியை நடத்தியவரும் அவரே. 1968 ஜனவரியில் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. இந்திய அரசு அதற்கு முன்பே, 1966-இல், பத்மபூஷண் அளித்திருந்தது.

அதே 1964-இல் தந்தை மெஹ்லி மேத்தாவும் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். இளைஞர்களுக்காக ஓர் இசைக்குழுவைத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நகரின் பெரிய குழு மகனிடம், பிள்ளைகளின் குழு தந்தையிடம்!

இளமையில் வாய்த்துடுக்கும் இருந்தது. 1967-இல் நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவினரைப் பற்றி, அவர்கள் நடத்துநர்களை மதிக்காதவர்கள் என்ற பொருளில் ஒரு பத்திரிகையில் பேசி வைத்தார். இசைக் கலைஞர்களின் சங்கம் கொதித்தது. மேத்தா மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து 1978-இல் அதே நியூயார்க் குழு அவரைத் தலைவராக அழைத்தது. 1991 வரை பதின்மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்தக் குழுவின் வரலாற்றில் எந்த இசை இயக்குநரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. நியூயார்க் விமர்சகர்கள் மட்டும் அவரிடம் கடுமையாகவே நடந்துகொண்டார்கள். ஆரவாரம் மிகுதி, ஆழம் குறைவு என்று எழுதினார்கள். மால்ர், புருக்னர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஆகியோரின் பெரும் படைப்புகளில் அவர் எழுப்பும் நாதத்தின் செழுமையை மறுப்பவர் குறைவு. நுட்பமான சிறு படைப்புகளில்தான் கருத்து வேற்றுமை.

இந்திய இசையோடு அவர் கலந்ததும் நியூயார்க்கில்தான். 1981-இல் பண்டிட் ரவிசங்கர் எழுதிய இரண்டாம் சிதார் கான்செர்ட்டோவான ‘ராகமாலா’வை ரவிசங்கர் வாசிக்க, நியூயார்க் குழுவை மேத்தா நடத்தினார். 1985-இல் தமிழ் வயலின் கலைஞரான எல். சுப்ரமணியம் எழுதிய ‘வேத கோஷக் கற்பனை’ என்ற பொருள்படும் படைப்பும் அதே குழுவால் மேத்தாவின் கோலின் கீழ் வாசிக்கப்பட்டது. ராகத்தை நூறு பேருக்கு எழுதிக் கொடுப்பது சிக்கலான வேலை. நம் இசையின் உயிர் மனோதர்மத்தில் இருக்கிறது. இன்று பாடியது நாளை வேறாக வரும். சிம்பொனியிலோ எழுதியது எழுதியதுதான். அதனால்தான் நம் நாட்டில் இப்படிப்பட்ட முயற்சிகள் குறைவு. 1952-இல் அகில இந்திய வானொலி வாத்திய விருந்தா என்ற குழுவைத் தொடங்கி, இந்துஸ்தானிக்கு ரவிசங்கரையும் கர்நாடக இசைக்கு டி.கே. ஜயராம அய்யரையும் நடத்துநர்களாக வைத்தது குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. 2025 மார்ச் 8 அன்று நம் இளையராஜா எழுதிய ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோதும் வாசித்தது ஆங்கிலேயக் குழுதான். பண்ணைப்புரத்திலிருந்து எழுதுபவர் வந்துவிட்டார். வாசிக்கும் எண்பது பேர் இன்னும் நம்மிடம் திரளவில்லை.

போர்க்காலத்தில் இசை

மேத்தாவின் வாழ்வில் மிகவும் பேசப்பட்டதும் விவாதத்துக்கு உள்ளானதும் இஸ்ரேலுடன் அவருக்கிருந்த உறவுதான். 1967 ஜூனில் அங்கே ஆறு நாள் போர் மூண்டது. அங்கிருந்த வெளிநாட்டுக் கலைஞர்கள் பலர் கிளம்பினார்கள். மேத்தாவோ ஆயுதப் பெட்டிகள் ஏற்றிய விமானத்தில் இடம் பிடித்து உள்ளே போனார். நண்பர் டேனியல் பாரன்பாய்ம் அங்கே இருந்தார். போர் முடிந்த சில நாட்களில் பாரன்பாய்முக்கும் செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டு பிரேவுக்கும் எருசலேமில் திருமணம் நடந்தது. யூதத் திருமணத்துக்கு யூதரே சாட்சியாக இருக்க வேண்டும். மேத்தாவுக்கு அன்று மட்டும் ‘மோஷே கோஹன்’ என்று பெயர் வைத்து நிறுத்திவிட்டார்கள்! பார்சி ஒருவர் ஒரு நாள் யூதரான கதை இது.

1969-இல் இஸ்ரேல் பில்ஹார்மானிக் குழுவின் இசை ஆலோசகர், 1977-இல் இசை இயக்குநர், 1981-இல் வாழ்நாள் இசை இயக்குநர் எனப் பொறுப்பு கூடிக்கொண்டே வந்தது. அந்த 1981-ஆம் ஆண்டிலேதான் ஒரு பெரும் சோதனையும் வந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் யூதர்களை வெறுத்து எழுதியவர். ஹிட்லருக்கு மிகவும் பிடித்தவர். அவருடைய இசையை இஸ்ரேலில் வாசிப்பதில்லை என்பது எழுதாத சட்டம். இசை வேறு, மனிதர் வேறு என்று கருதிய மேத்தா, கச்சேரி முடிவில் வாக்னர் படைப்பு ஒன்றை வாசிக்கப் போவதாகவும் விரும்பாதவர்கள் எழுந்து போகலாம் என்றும் அறிவித்தார். அரங்கில் கூச்சல் எழுந்தது. நாஜிக் கொடுமையிலிருந்து தப்பிய ஒருவர் மேடையருகே வந்து சட்டையைத் திறந்து தம் உடலின் தழும்புகளைக் காட்டினார். வாக்னரைத் தொடர்ந்து வாசிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம்? கலைஞரின் வாதத்தில் பிழையில்லை. ஆனால் அந்தத் தழும்புகளுக்கு முன்னால் அந்த வாதம் செல்லவில்லை. மேத்தாவும் அதைப் புரிந்துகொண்டுதான் பின்வாங்கியிருக்க வேண்டும்.

1991 வளைகுடாப் போரின்போது ஈராக்கிலிருந்து ஸ்கட் ஏவுகணைகள் வந்து விழுந்தன. மேத்தா மீண்டும் அங்கே போய்விட்டார். இரவில் கூட்டம் கூட முடியாததால் பகலில் கச்சேரி. எருசலேமில் ஒரு கச்சேரியின் நடுவே அபாயச் சங்கு ஒலித்தது. மக்கள் விஷவாயு முகமூடிகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் மேடைக்குத் திரும்பி வந்து முகமூடி இல்லாமல் தனியாக பாஹ் இசையை வாசித்தார். முகமூடி அணிந்த மனிதர்கள் வரிசையாக அமர்ந்து வயலின் கேட்ட காட்சி அது.

பாலஸ்தீன மக்களின் துயரத்தை அவர் பார்க்கவில்லையா என்ற கேள்வி நியாயமானது. அவர் குடியேற்றங்களை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். நாசரேத், ஷ்ஃபாராம் ஆகிய ஊர்களின் அரபுப் பிள்ளைகளுக்கு மேலை இசை கற்பிக்க ‘மிஃப்னே’ என்ற திட்டத்துக்குத் துணை நின்றார். தம் குழுவில் ஒரு நாள் ஓர் அரபுக் கலைஞர் அமர வேண்டும் என்பது அவர் ஆசை. ஐம்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் குழுவுடன் இருந்தவருக்கு இது போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2019 அக்டோபரில் அங்கிருந்து ஓய்வு பெற்றார்.

இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் முழுமையான தூதரக உறவு 1992 ஜனவரியில்தான் ஏற்பட்டது. அதுவரை அந்தக் குழுவைத் தம் சொந்த நாட்டுக்கு அழைத்து வர அவரால் முடியவில்லை. 1994-இல் முதல் முறையாக மும்பைக்கும் தில்லிக்கும் அழைத்து வந்தார். அதற்கு முன் 1967-இல் லாஸ் ஏஞ்சலஸ் குழுவையும் 1984-இல் நியூயார்க் குழுவையும் கொண்டு வந்திருந்தார். 1984 பயணத்தில் மலேசியாவும் இருந்தது. யூத இசையமைப்பாளர் பிளாக் எழுதிய ஒரு படைப்பை நீக்கச் சொல்லி அந்நாட்டு அரசு வற்புறுத்தவே, மலேசியப் பயணமே கைவிடப்பட்டது.

உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் மேத்தாவைப் பார்த்தது 1990 ஜூலை 7 அன்று. ரோமாபுரியின் பழைய குளியல் மண்டபச் சிதைவுகளுக்கு நடுவே பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்னும் மூன்று பாடகர்களும் ஒரே மேடையில் பாடினர். உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள். அந்த ஒலிநாடா விற்றதுபோல் மேலைச் சாஸ்திரிய இசை அதுவரை விற்றதில்லை. வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரியை ஐந்து முறை நடத்தியதும், பெய்ஜிங்கில் பழைய அரண்மனை வளாகத்தில் 1998-இல் ‘துராந்தோ’ இசை நாடகத்தை நடத்தியதும் இந்த வகைப் புகழ். ஃபிளாரன்ஸில் 1985 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலும், மியூனிக்கில் 1998 முதல் 2006 வரையும் இசை நாடக அரங்குகளில் பொறுப்பு வகித்தார்.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்துபவை வேறு கச்சேரிகள். 1994 ஜூனில் சரயேவோ நகரம் முற்றுகையில் இருந்தது. குண்டு வீச்சில் எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாடுகளில், அந்த ஊர்க் கலைஞர்களையே வைத்து மொசார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். 1999 ஆகஸ்டில் ஜெர்மனியின் வைமாரில், புகென்வால்ட் வதைமுகாம் இருந்த இடத்துக்கு அருகே, இஸ்ரேல் குழுவையும் மியூனிக் குழுவையும் ஒன்றாக அமர்த்தி மால்ரின் இரண்டாம் சிம்பொனியை நடத்தினார். கொன்றவர்களின் நாட்டாரும் கொல்லப்பட்டவர்களின் நாட்டாரும் ஒரே தாளத்துக்கு வாசித்தார்கள்.

சென்னையிலும் காஷ்மீரிலும்

2004 டிசம்பர் 26 தமிழர் மறக்க முடியாத நாள். சுனாமியில் தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். சரியாக ஓராண்டு கழித்து, 2005 டிசம்பர் 26 அன்று, மேத்தா மியூனிக்கின் பவேரிய அரசு இசைக்குழுவுடன் சென்னைக்கு வந்தார். ஜெர்மன் துணைத் தூதரகமும் மாக்ஸ்முல்லர் பவனும் சேர்ந்து ஏற்பாடு செய்த நினைவுக் கச்சேரி மியூசிக் அகாதெமியில் நடந்தது. அவர் சென்னையில் கச்சேரி நடத்தியது அதுவே முதல் முறை. மார்கழி மாதம், தம்புராவும் மிருதங்கமும் ஒலிக்கும் அரங்கில் எக்காளங்களும் முரசுகளும் ஒலித்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். அந்த இசையை அவர்கள் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார்கள். அகாதெமிக்குள் அவர்களின் உறவினர் எத்தனை பேர் நுழைந்திருக்க முடியும் என்பதும் யோசிக்க வேண்டியதே. ஆனாலும் கடலில் போனவர்களுக்காக எங்கிருந்தோ நூறு பேர் வந்து எழுந்து நின்றார்கள் என்பது சிறிய காரியம் அல்ல.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது மேத்தா ஃபிளாரன்ஸ் குழுவோடு டோக்கியோவில்தான் இருந்தார். பயணம் பாதியில் நின்றது. ஒரு மாதத்தில், அணு உலைப் பயத்தால் வெளிநாட்டார் பலர் வர அஞ்சிய வேளையில், தனியாகத் திரும்பி வந்து ஏப்ரல் 10 அன்று ஜப்பானியக் குழுவைக் கொண்டு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார்.

யாரும் அவரைக் குறை சொல்லாத கச்சேரிகள் இவை. காஷ்மீர் அப்படியல்ல. 2013 செப்டம்பர் 7 அன்று ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் அதே பவேரியக் குழுவுடன் கச்சேரி. ஜெர்மன் தூதரகம் ஏற்பாடு. கலைஞர்கள் சம்பளம் வாங்கவில்லை. காஷ்மீரக் கலைஞர்களும் சந்தூர் முதலிய கருவிகளுடன் சேர்ந்து வாசித்தார்கள். பிரிவினைத் தலைவர்கள் கடையடைப்புக்கு அழைத்தார்கள். காஷ்மீரில் எல்லாம் சுமுகமாக இருப்பதாக உலகுக்குக் காட்டவே இந்த ஏற்பாடு என்று எதிர்ப்பாளர்கள் போட்டியாக வேறொரு நிகழ்ச்சியே நடத்தினார்கள். சினார் மரங்களுக்கு நடுவே பீத்தோவன் ஒலித்த அதே நாளில் சோபியானில் பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் இறந்த செய்தியும் வந்தது. தோட்டத்துக்குள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கே அனுமதி. மேத்தாவுக்கே அது உறுத்தியிருக்கிறது. அடுத்த முறை எல்லோரும் வந்து கேட்கும்படி மைதானத்தில் நடத்த வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார். அந்த அடுத்த முறை வரவில்லை. இசை காயத்தை ஆற்றும் என்பது மெய்யாக இருக்கலாம். காயம்பட்டவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டால் யாருக்கு ஆற்றுவது?

வாழ்நாளில் பெரும்பகுதி வெளிநாட்டிலேயே கழிந்தும் இந்தியக் குடியுரிமையை மேத்தா விடவில்லை. 2001-இல் பத்மவிபூஷண் பெற்றார். 2013-இல் தாகூர் விருதும் வந்தது. ‘வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கு இந்தியாவின் உயர்ந்த விருதா’ என்று கேட்பவர்கள், அவருடைய கலைக்கு இங்கே என்ன இடம் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தந்தை மெஹ்லி 2002-இல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அவர் பெயரால் 1995-இல் மும்பையில் தொடங்கிய அறக்கட்டளை பிள்ளைகளுக்கு மேலை இசை கற்றுக் கொடுக்கிறது. 2006-இல் மும்பையின் தேசியக் கலை மையத்தில் இந்திய சிம்பொனி இசைக்குழு என்ற முழுநேரக் குழு உருவானது. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்களே அதிகம்.

2018-இல் புற்றுநோய் தாக்கியது. மீண்டு வந்தார். அதன்பின் மேடையில் நாற்காலியில் அமர்ந்தே நடத்துவது வழக்கமாயிற்று. 2023 ஆகஸ்டில், எண்பத்தேழு வயதில், மும்பைக்கு வந்து அந்த இந்தியக் குழுவை முதல் முறையாக நடத்தினார். உலகின் பெரிய குழுக்கள் அத்தனையையும் நடத்தி முடித்த பிறகே சொந்த ஊரின் குழு அவருக்குக் கிடைத்தது. தந்தையின் பழைய பம்பாய்க் குழு வாசித்து வந்த கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம் இப்போது இசையரங்கு அல்ல. 1996 முதல் அது தேசிய நவீன ஓவியக் கூடமாக இருக்கிறது.